குளத்தில் எறிந்த கல்: நமது அறிவியல் கட்டுரைகள் பற்றி ஒரு குறிப்பு

ஒலி அலை, ஒளி அலை பற்றி நம்மவர் சஞ்சிகைகளிலும் பாடசாலை மலர்களிலும் வந்த ஏழெட்டுத் தமிழ்க் கட்டுரைகளை நோன்பு விடுமுறையில் ஒன்றாக எடுத்து வைத்து வாசித்தேன். அவற்றில் ஒன்று நான் எழுதியது. ஆகவே இது வெளியாள் எறியும் கல் அல்ல.

எல்லாம் ஒரே அச்சு. முதலில் இப்னுல் ஹைதம். பஸறாவில் பிறந்தார், 'கிதாபுல் மனாழிர்' ஏழு பாகம் எழுதினார், கெய்ரோவில் மரணித்தார். அடுத்து குளத்தில் கல் எறிந்தால் வட்டம் வட்டமாய் அலை விரியும் என்ற உவமை. பிறகு ஒலிக்கு செக்கனுக்கு 340 மீற்றர், ஒளிக்கு 300,000 கிலோமீற்றர். கடைசியில், மேற்குலகம் இதையெல்லாம் நம்மிடமிருந்துதான் எடுத்தது என்றொரு பெருமூச்சு. நானும் அப்படித்தான் பெருமூச்சு விட்டிருக்கிறேன்.

குளத்து உவமை ஒரு விசயத்துக்குத்தான் உதவும். லாஞ்சி கிளப்பிய அலையில் மிதக்கிற தேங்காய் மட்டை ஏறி இறங்கி, ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும். போவது சக்தி, தண்ணீர் அல்ல. அதற்கு மேல் அந்த உவமையை இழுத்தால் பிழைக்கும். ஒலி போகும்போது காற்றின் துணிக்கைகள் அது போகும் திசையிலேயே முன்பின்னாக நெருங்கி விலகுகின்றன. அது நெட்டாங்கு அலை. ஒளியில் அசைய ஒரு துணிக்கையும் வேண்டாம். மின்புலமும் காந்தப்புலமும் திசைக்குக் குறுக்காக அதிர்கின்றன, வெற்றிடத்திலும் போகும். குளத்து மேற்பரப்பின் அலை இரண்டிலும் சேராது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று. "நீர் காற்றைவிட அடர்த்தி கூடியது, எனவே ஒலி அதில் வேகமாகச் செல்கிறது" என்று ஐந்து கட்டுரைகளில் இருக்கிறது. என்னுடையதிலும். நீரில் செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் என்பது சரிதான், காரணம்தான் தலைகீழ். அடர்த்தி கூடினால் ஒலி மெதுவாகும். ஹீலியம் காற்றைவிட இலேசு, ஆனால் அதில் ஒலி காற்றைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகம். நீர் காற்றைவிட எண்ணூறு மடங்களவு அடர்த்தி என்றாலும், நசுக்க இடங்கொடாத விறைப்பில் பதினையாயிரம் மடங்கு. விறைப்பை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் நாலு சொச்சம் வரும். அந்த நாலு மடங்குதான் நாம் காண்பது. ஒளியோ நீரில் மெதுவாகிறது, செக்கனுக்கு 225,000 கிலோமீற்றர். அதனால்தான் இறங்குதுறையில் நின்று குனிந்து பார்க்கிற பிள்ளைக்கு நாலு முழத் தண்ணீர் மூன்று முழமாய்த் தெரிகிறது. காலெட்டும் என்று குதித்துவிடுகிறான். கிண்ணியாவிலும் மூதூரிலும் வீட்டு வாசலோடு தண்ணீர் உள்ள பிள்ளைகளுக்கு எழுதுகிறோம். ஒரு கட்டுரையிலாவது இந்த மூன்று முழம் இல்லை.

பிள்ளைகள் கேட்கிறதும் இல்லை. "சேர், வயலுக்கு அங்கால இரிக்கிற பள்ளிட சுபஹு பாங்கு தெளிவாக் கேக்குது, லுஹர் பாங்கு கேக்குதில்லையே, ஏன்?" என்று ஒருவன் கேட்டான். விடியலில் ஊர் அமைதியாய் இருப்பது ஒரு காரணம். மற்றது, இரவு முழுக்கக் குளிர்ந்த தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும், மேலே வெப்பம் கூட. ஒலி சூடான காற்றில் வேகம் என்பதால் மேலே போனது வளைந்து கீழே திரும்புகிறது. பகலில் தரை சுடும். ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலால் போய்விடும். அதே நண்பகலில் கந்தளாய்க்குப் போற தார் றோட்டு தூரத்தில் நனைந்ததுபோல் மினுங்குவதும் இதே வளைவுதான். ஒளியும் சூடான காற்றில் ஒரு துளி வேகம். நீரில் எதிரெதிராக நடக்கிற ஒலியும் ஒளியும் இங்கே ஒரே பக்கம் வளைகின்றன. இதை எழுத எவ்வளவு இடம் வேண்டும்? நாங்கள் பெருமூச்சுக்குக் கொடுத்த பந்தி போதும்.

இப்னுல் ஹைதமுக்கும் நியாயம் செய்யவில்லை. பெயர் சொன்னோம், செய்ததைச் சொல்லவில்லை. இருட்டறைக்கு வெளியே விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்து, ஒரு சிறு துவாரத்தால் வெளிச்சத்தை உள்ளே விட்டார். சுவரில் விளக்குக்கு ஒரு பொட்டு. ஒரு விளக்கை மறைத்தால் அதன் பொட்டு மட்டும் மறைந்தது. ஒளி நேராகப் போகிறது, ஒரே துவாரத்தால் வந்தும் ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை. மூன்று ரோச் லைட்டும் ஓட்டை போட்ட ஒரு மட்டையும் இருந்தால் எங்கள் வகுப்பறையில் செய்யலாம். தொலமியைச் சந்தேகித்துத் தனிநூலே எழுதிய மனிதர் அவர். அவர் பெயரில் நாங்கள் சரிபார்க்காமல் எழுதுகிறோம்.

2004 டிசம்பர் 26 பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குளத்து அலை மேற்பரப்போடு நின்றுவிடும், கொஞ்சம் கீழே போனால் தண்ணீர் அசையாது. அதையே 'அலை' என்று படித்த நாங்கள், கடலடி வரை முழுத் தண்ணீரையும் அசைத்துக்கொண்டு வருகிற அலையை நினைத்தும் பார்க்கவில்லை. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்த இடத்திலிருந்து திருகோணமலை சுமார் 1,700 கிலோமீற்றர். வானொலி அலைக்கு அந்தத் தூரம் செக்கனில் நூறிலொரு பங்குகூட இல்லை. கடலினூடே வரும் ஒலிக்கு இருபது நிமிடமளவில். கடல் வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. டியகோ கார்சியா அருகே அணுச் சோதனைகளைக் கண்காணிக்க வைத்த நீரடி ஒலிவாங்கிகளில் அந்த ஓசை பதிவாகியிருக்கிறது.

அடுத்த தவணையில் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள், "ரேடியோவுக்கு அவ்வளவு வேகம் எண்டா, எங்களுக்கு ஏன் சேர் தெரியாமப் போச்சு?" அன்று கரும்பலகையில் நான் கீறியிருந்தது குளத்து வட்டங்கள்.