வடித்தல்: ஒரு சொல்லும் நம் திறனாய்வும்

'கவிஞர் தம் பட்டறிவைக் கவிதையாக வடித்துள்ளார்' என்னும் தொடர் நம் திறனாய்வுக் கட்டுரைகளில் மிகுதியாகப் பயின்று வருகிறது. எவ்வகை வடித்தலை அத்தொடர் கருதுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

வடித்தல் பல தொழில்களுக்கு உரிய சொல். சோறு வடிக்குங்கால் கலத்தில் எஞ்சுவதே பயன். தேநீரை வடிகட்டுங்கால் எஞ்சுவது சக்கை; கீழிறங்குவதே பயன். புறநானூற்றின் 312ஆம் பாடல் கொல்லனுக்குரிய கடமையாகக் கூறும் வேல் வடித்தல், இரும்பை உருவாக்கித் திருத்தும் தொழிலாகும். சிலை வடித்தலும் இதன்பாற்படும்.

வாலையிலிட்டுக் காய்ச்சி வடித்தல் இவற்றினின்றும் வேறானது. சித்த மருத்துவத்தில் ஓமத் தீநீர் இம்முறையில் இறக்கப்படுகிறது. ஓமம் நீரில் கொதிக்க, ஆவி மேலெழுந்து குளிர்ந்து துளியாகிறது. அத்துளியில் ஓமத்தின் உரு இல்லை. மணமும் காரமும் உள்ளன. வடிகட்டல் உள்ளதை உள்ளவாறே பிரிக்கிறது. வாலையோ நிலைமாற்றிப் பிரிக்கிறது.

இவ்வேறுபாடு வகுப்பறைக்கும் உரியது. கவிதையை இரண்டு வரிகளில் சுருக்கச் செய்து, அச்சுருக்கத்தையே 'சாரம்' எனக் கற்பிக்கிறோம். சுருக்குதல் தேவையான பயிற்சியே. தொல்காப்பிய மரபியலும் தொகுத்தலை வழிநூலின் நால்வகையுள் ஒன்றாகக் கொள்ளும். ஆயின் அது வடிகட்டலேயன்றி வாலை வடித்தலன்று. குறள் ஏழு சீர்களால் ஆயது; அதற்குப் பரிமேலழகர் வரைந்த உரையோ அதனினும் நீண்டது. பிறர் உரைகளும் அத்தகையனவே. காய்ச்சி வடித்த சொல்லை விளக்கப் புகுந்தால் அது விரியும், மேலும் சுருங்காது. ஒரு செய்யுளின் செறிவை அறிய இதனை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

எனினும், எல்லாக் கவிதையும் வடித்தெடுக்கப்பட்டதன்று. 10,000 பாடல்களைக் கடந்து செல்லும் கம்பராமாயணம் விரிவாலேயே சிறக்கிறது. அதனையும் 'வடித்தார்' எனப் பொதுப்படப் புகழ்தல் அதன் இயல்பை மறைப்பதாகும்.

ஆதலின், 'இக்கவிதையின் சாரம் யாது?' என்னும் வினாவோடு நில்லாது, 'கவிஞர் எதனைக் கலத்திலேயே விட்டார்? எது உருமாறி நம்மிடம் வந்தது?' எனவும் மாணவரை வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவர் கவிதையை மீண்டும் படித்தாக வேண்டும். சுருக்கம் எழுதியவருக்கோ அத்தேவை எழுவதில்லை.