மஞ்சள் ஸ்டிக்கரும் பின் அச்சும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்கப் டிரக்கின் சரக்குத் தொட்டியில் படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு ஒரு சிறு வீட்டையே ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் உண்டு. அந்த வீட்டுக்கு டிரக் கேம்பர் என்று பெயர். அதற்கு வண்டி தேடுகிறவருக்கு அனுபவசாலிகள் சொல்லும் முதல் விதி: விளம்பரத்தை நம்பாதே, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து கதவுநிலையில் இருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரைப் படி. ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். இந்த வழக்கத்தில் ஓட்டைகள் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றைச் சுட்டிக்காட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வரம்பை மீறுவதற்கான சாக்காகவே அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். நிதானமாகக் கணக்குப் போட்டால், பெரிய ஓட்டைகள் எல்லாம் வரம்புக்கும் கீழே நிற்கத்தான் சொல்கின்றன.

முதலில் ஸ்டிக்கரின் பலம். விளம்பரத்தில் வரும் உச்சபட்ச சுமைத்திறன் பெரும்பாலும் இரண்டு கதவு, இரு சக்கர இயக்கம், பெட்ரோல் எஞ்சின் கொண்ட மொட்டை வண்டிக்கு உரியது. குடும்பங்கள் வாங்குவதோ நான்கு கதவும் நாற்சக்கர இயக்கமும் உள்ளதை. கூட்டிய ஒவ்வொரு வசதியும் சுமைத்திறனைத் தின்னும். இதில் டீசல்தான் பெரிய முரண். இழுவிசைக்காக அதிக விலை கொடுத்து வாங்கும் அந்த எஞ்சின், தன் எடையாலேயே பல நூறு பவுண்டு சுமைத்திறனைக் குறைத்துவிடுகிறது. பெயரில் 250 அல்லது 2500 என்ற எண் வரும் வகுப்பு டீசல் வண்டியின் ஸ்டிக்கரில் 2,000 முதல் 2,500 பவுண்டு வரையே இருப்பது சாதாரணம். மறுபக்கம், கேம்பர் விற்கிறவர் சொல்வது வெற்று எடை. 3,000 பவுண்டு என்று அவர் சொன்ன கேம்பரில் 40 கேலன் தண்ணீர் நிரப்பினால் 330 பவுண்டு கூடும். ஏசி, வெயில்மறைப்பு, கூடுதல் பேட்டரி, எரிவாயு என்று ஒரு 350. துணிமணி, பாத்திரம், உணவு என்று ஒரு 400. கணவன் மனைவி இருவருக்கு 350. மொத்தம் 4,400 பவுண்டைத் தாண்டுகிறது. ஏறக்குறைய இரண்டு டன். ஸ்டிக்கரைப் படிக்கிற பழக்கம் மட்டும் இருந்தால், இந்தக் கேம்பரை 2500 டீசலில் ஏற்றும் எண்ணமே எழாது.

இனி எதிர்வாதம். அதில் பாதி உண்மை உண்டு. ஃபோர்டு எஃப்-250 வண்டிகள் பலவற்றின் மொத்த எடை வரம்பு சரியாக 10,000 பவுண்டில் நிற்கிறது. அதைத் தாண்டினால் வண்டி அடுத்த எடைப் பிரிவுக்குப் போய்விடும். சில மாநிலங்களில் பதிவுக் கட்டணமும் விதிகளும் மாறும். அதே வண்டியின் அண்ணனான, பின்னால் ஒற்றைச் சக்கரம் கொண்ட எஃப்-350-க்கும் இதற்கும் உறுப்புகளில் வேறுபாடு சொற்பம். ஆகவே அந்த எண் இரும்பின் வரம்பல்ல, காகிதத்தின் வரம்பு என்கிறார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். அதை உணர்ந்தவர் அண்ணனையே வாங்கிவிடலாமே? கேம்பரின் விலையோடு ஒப்பிட்டால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பெரிதல்ல. பிரேக் சோதனை நடப்பதும் அந்தக் காகித எடையை ஏற்றித்தான். அதற்கு மேல் வண்டி எப்படி நிற்கும் என்பதற்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்பதில்லை. காற்றுப்பை ஸ்பிரிங் போட்டுச் சமாளிக்கலாம் என்பது இன்னொரு வாதம். தொய்ந்த பின்பக்கம் அதனால் நிமிரும், ஆட்டமும் குறையும். அச்சின் மேலும் டயரின் மேலும் உட்கார்ந்திருக்கும் எடை ஒரு பவுண்டுகூடக் குறையாது.

ஸ்டிக்கரின் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது: எடை எங்கே உட்கார்கிறது என்பது அதற்குத் தெரியாது. கேம்பரின் எடை கிட்டத்தட்ட முழுவதும் பின் அச்சில் இறங்கும். நான்கு கதவு வண்டியின் பின் அச்சில் வெறுமையாக இருக்கும்போதே சுமார் 3,000 பவுண்டு இருக்கும்; மேலே சொன்ன கேம்பரை வைத்தால் 7,000-ஐத் தாண்டும். இத்தகைய வண்டிகளில் பரவலாகக் காணும் 275/70ஆர்18 டயர் ஒன்று, முழுக் காற்றோடு, தாங்குவது 1,650 கிலோ. இரண்டும் சேர்ந்தால் சுமார் 7,275 பவுண்டு. மிச்சம் இருப்பது ஒரு மூட்டைக்குக்கூடக் காணாது. கேம்பரின் எடை மையம் பின் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். முன் சக்கரங்கள் இலகுவாகி ஸ்டியரிங் பிடிப்பு தளரும். இது அந்தக் காலத்திலேயே தெரிந்த விஷயம்தான். 1968-இல் ஷெவர்லே 'லாங்ஹார்ன்' என்ற வண்டியை எட்டரை அடித் தொட்டியோடும் நீட்டிய சக்கர இடைவெளியோடும் கேம்பர்காரர்களுக்காகவே கொண்டுவந்தது. எடை மையம் எந்த எல்லைக்குள் விழ வேண்டும் என்பதை வண்டித் தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டரசு விதியும் இருக்கிறது. அதைச் சொல்லும் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவர் எத்தனை பேர்? இன்று அதிகம் விற்கும் குட்டைத் தொட்டி வண்டிகளில் நீளமான கேம்பரைத் திணிப்பதைப் பார்த்தால் பதில் தெரியும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சட்டம் இந்த ஸ்டிக்கரைக் கட்டாயமாக்குவது மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டுக்கு மேற்படாத வண்டிகளுக்கு மட்டுமே. கனமான கேம்பருக்குப் பொருத்தமான வண்டிகளோ அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே எரிபொருள் நிரப்பி, ஆட்களை உட்காரவைத்து, நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் ஏற்றி, அச்சுவாரியாக எடை பார்த்து வரம்பிலிருந்து கழித்துக்கொள்வதே வழி. செலவு பெரிதல்ல.

இப்படிப் பார்த்தால் இரண்டு டன் கேம்பருக்கு, பின்னால் இரட்டைச் சக்கரம் கொண்ட வண்டி ஆடம்பரமல்ல, தேவை. அதற்கு வழக்கமான 245/75ஆர்17 டயர்கள் இரட்டையாக மாட்டும்போது ஒவ்வொன்றும் 1,320 கிலோ வீதம் நான்கும் 5,280 கிலோ தாங்கும். ஒன்று வெடித்தாலும் பக்கத்து டயர் வண்டியைச் சரியவிடாது. எட்டடி அகலம், நிறுத்த இடம் கிடைக்காது, வெறுமையாக ஓட்டினால் தூக்கிப் போடும், ஆறு டயர் மாற்ற வேண்டும் என்ற புகார்கள் எல்லாம் நியாயமானவை. ஆனால் அவை கேம்பரை இறக்கிவைத்துவிட்டுத் தினமும் அலுவலகத்துக்கு அதே வண்டியில் போகிறவரின் புகார்கள். ஆண்டில் சில வாரம் மட்டும் பயணம் போகும் அவருக்கு இரண்டு டன் வீடு எதற்கு? கூரையை மடித்து இறக்கக்கூடிய கேம்பர்களில் பல வெற்று எடையில் 1,500 பவுண்டைத் தொடுவதில்லை. தண்ணீரும் ஆட்களும் சேர்ந்த பிறகும், ஒற்றைச் சக்கர 350 அதைத் தாராளமாகச் சுமக்கும்.