மறுப்பவரின் கடமை

பட்ட மேற்படிப்பை இடையில் விட்டு வேறு பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் மாணவர், முன்பு கற்றதற்கு மதிப்புக் கேட்டு வாசலில் நிற்க நேரிடுகிறது. ஐரோப்பிய நாடுகள் 1997இல் லிஸ்பனில் செய்துகொண்ட உடன்படிக்கை இங்கே ஒரு நீதியை நிலைநாட்டிற்று. சான்றுகளைத் தருவது மாணவர் கடமை. கணிசமான வேறுபாடு உண்டெனக் காட்டுவது மறுக்கும் நிறுவனத்தின் கடமை. ஆயின் ‘கணிசமான வேறுபாடு’ யாதென அவ்வுடன்படிக்கை வரையறுக்கவில்லை. அதன் குறை இதுவே.

ஐரோப்பிய மதிப்பலகு முறை ஓராண்டுப் படிப்பை 60 அலகுகளாகவும், ஓர் அலகை 25 முதல் 30 மணிநேர உழைப்பாகவும் கணக்கிடுகிறது. மணிக்கணக்கு உழைப்பை அளக்கும். கற்றதன் ஆழத்தை அளக்காது. ஆகவே தீர்ப்பு ஆசிரியர் கையிலேயே எஞ்சுகிறது. பாடத்தலைப்பு ஒவ்வாததை மட்டும் காட்டி ஈராண்டு உழைப்பைத் தள்ளலாகாது. மறுப்பவர் காரணத்தை எழுதிக் கையொப்பமிடட்டும். நம் இறையியல் கல்லூரிகளும் கைக்கொள்ளத்தக்க நெறி இது.