ஆலோசனை சொல்லாத தொலைபேசி

செப்டம்பர் 10 நெருங்கும்போதெல்லாம் ‘பேசுங்கள்’ என்ற சொல் எங்கும் கண்ணில் படுகிறது. உலகத் தற்கொலைத் தடுப்பு நாளுக்கு 2024 முதல் 2026 வரை வைத்திருக்கும் அறைகூவலும் ‘உரையாடலைத் தொடங்குங்கள்’ என்பதுதான். ஹைதராபாத்தில் வேலை இழந்தவர்களும் தவணை கட்ட முடியாதவர்களும் பெருகும் ஒவ்வொரு காலத்திலும் இந்தப் பேச்சு கூடுகிறது. செவிகொடுக்கும் தன்னார்வலர்களைப் பாராட்டி எழுதுவதும் கூடுகிறது. அந்தப் பாராட்டில் ஒரு வாதம் தவறாமல் இடம்பெறும். தன்னார்வலரால் பணம் கொடுக்க முடியாது, வேலை வாங்கித் தர முடியாது. நெஞ்சில் கிடப்பதைக் கொட்ட ஓர் இடம் தரலாம், அது போதும் என்பது அந்த வாதம். இந்தப் ‘போதும்’ எனக்கு நீண்ட நாளாகவே ஒப்பாத ஒன்று.

அவர்கள் செய்வது சிறிய காரியம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். செகந்திராபாத் சிந்தி காலனியில் 1997 முதல் இயங்கும் ‘ரோஷ்ணி’ தற்கொலைத் தடுப்பு உதவி மையமும், சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘ஸ்நேகா’வும் சம்பளமில்லாத மனிதர்களின் பொறுமையால் நிற்பவை. பெயர் கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை, புத்தி சொல்வதில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற வேகம் பலருக்குச் சில மணி நேரத்தில் தணியக்கூடியது. அந்தச் சில மணி நேரம் மறுமுனையில் ஒரு குரல் இருப்பது உயிர்காக்கும் காரியம். இதில் எனக்கு மாற்றுக்கருத்து கிடையாது.

என் மறுப்பு ஒரே ஒரு விதியைப் பற்றியது. ஆலோசனை சொல்லக் கூடாது, வழிகாட்டக் கூடாது, கேட்க மட்டுமே வேண்டும் என்ற விதி. தன்னார்வத் தோழமை மரபு முழுவதும் இதைத் தன் அறநெறியாகவே வைத்திருக்கிறது. காதல் முறிவுக்கும் துக்கத்துக்கும் தனிமைக்கும் அது பொருத்தமான நெறிதான். கடனுக்கும் வேலையிழப்புக்கும் அதை அப்படியே நீட்டும்போதுதான் பிழை தொடங்குகிறது.

இந்த மரபின் தோற்றுவாய் லண்டன். பாதிரியார் சாட் வரா 1953-இல் ஒரு தேவாலயத்தில் வைத்துத் தொடங்கிய ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பே உலகெங்கும் உள்ள இத்தகைய அமைப்புகளின் தாய். அவர் அதைத் தொடங்கக் காரணம் என்று சொன்ன நிகழ்ச்சி 1935-இல் நடந்தது. பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி. மாதவிடாய் வந்ததைப் பால்வினை நோய் என்று நினைத்து அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்டாள். அவளை அடக்கம் செய்ததே இளம் பாதிரியாராக அவர் நடத்திய முதல் சவ அடக்கம். அந்தச் சிறுமிக்கு வேண்டியிருந்தது என்ன? ‘இது நோய் இல்லை, எல்லாப் பெண்களுக்கும் வருவது’ என்ற ஒரு வாக்கியம். ஒரு தகவல். பொறுமையாக ஒருவர் அவள் அழுகையைக் கேட்டுவிட்டு, ‘உனக்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்று புரிகிறது’ என்று சொல்லி அனுப்பியிருந்தால் அவள் பயம் அப்படியேதான் இருந்திருக்கும். வராவைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுக்கொடுத்த தன்னார்வலர்களே பலருக்குப் போதுமான ஆறுதலாக இருந்தார்கள் என்று பின்னால் தெரியவந்தது. அமைப்பு அந்தத் தேநீர் அறையிலிருந்து வளர்ந்தது. சிறுமியின் கதையை எல்லாக் கூட்டங்களிலும் சொல்கிறார்கள். அதன் பாடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

லண்டனில் அதை விட்டதால் பெரிய கேடு வரவில்லை. 1939 செப்டம்பரில் போர் மூண்ட அதே நாட்களில் அங்கே குடிமக்கள் ஆலோசனை மையங்கள் திறக்கப்பட்டன. கடன், வாடகை, பங்கீட்டு அட்டை, உதவித்தொகை பற்றியெல்லாம் சொல்லிக்கொடுக்க அங்கே உட்கார்ந்தவர்களும் தன்னார்வலர்களே. 1948-இல் தேசிய மருத்துவ சேவை வந்தது. வறியவர்களுக்கான உதவித்திட்டமும் வந்தது. 1953-இல் தொலைபேசியை எடுத்த ஒருவர் ‘நான் கேட்க மட்டுமே செய்வேன்’ என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், மற்றதைச் செய்ய அடுத்த தெருவில் ஆள் இருந்ததுதான். நாம் கேட்பவரை மட்டும் இறக்குமதி செய்தோம். அடுத்த தெரு இங்கே காலியாகக் கிடக்கிறது.

ஹைதராபாத்துக்கு வருவோம். டிசம்பர் 2020-இல், ஊரடங்கில் வருமானம் போயிருந்த நேரத்தில், உடனடிக் கடன் செயலிகளின் மிரட்டலால் தெலங்கானாவில் அடுத்தடுத்து உயிர்கள் போயின. ஏழு நாளில் திருப்பித் தர வேண்டிய சிறு கடன்கள் அவை. கொடுக்கும்போதே ஒரு பெரும் பகுதியைக் கட்டணம் என்று பிடித்துக்கொள்வார்கள். நாள் தவறினால் கடன் வாங்கியவரின் கைபேசியில் இருந்த எண்களுக்கெல்லாம், மாமனாருக்கும் மேலாளருக்கும்கூட, ‘இவர் மோசடிக்காரர்’ என்று செய்தி போகும். ஹைதராபாத் போலீசார் ஹைதராபாத்திலும் குருகிராமிலும் இருந்த அழைப்பு மையங்களைச் சோதனையிட்டார்கள். கடன்காரரைக் கூப்பிட்டு அவமானப்படுத்துவதே அங்கிருந்த இளைஞர்களின் வேலை.

ஒரே நகரத்தின் இரண்டு தொலைபேசிகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். மிரட்டும் தொலைபேசிக்கு அந்த மனிதனைப் பற்றி எல்லாம் தெரியும். பெயர், படம், மனைவியின் எண், அலுவலக முகவரி, எந்த வார்த்தை சொன்னால் அவன் உடைவான் என்பது உட்பட. ஆறுதல் சொல்லும் தொலைபேசியோ அவனைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளாமல் இருப்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறது. அவன் எதைக் கண்டு பயப்படுகிறானோ அதைப் பற்றிய சட்டத்தையும் தெரிந்துகொள்வதில்லை, தெரிந்தாலும் சொல்வதில்லை. இந்தச் சண்டை சமமானது இல்லை.

அந்த இரவில் அவனிடம் சொல்லக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. கடனைக் கட்ட முடியாமல் போவது மட்டுமே குற்றமாகாது. அதற்காகப் போலீஸ் வந்து பிடித்துப்போகாது. காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால் விஷயம் வேறு. ரிசர்வ் வங்கியின் ஆகஸ்ட் 2022 சுற்றறிக்கைப்படி வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. அடுத்த மாதமே வந்த டிஜிட்டல் கடன் நெறிமுறைகளின்படி, செயலி கைபேசியின் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது. பதிவுபெற்ற நிறுவனம் 30 நாளில் புகாரைத் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், எண் 14448. பதிவில்லாத செயலி என்றால் சைபர் குற்றப் பிரிவுக்கு 1930. இவ்வளவும் ஒரே தாளில் அடங்கும். அர்த்தராத்திரியில் ‘நாளைக் காலை போலீஸ் வாசலுக்கு வரும், தெருவே பார்க்கும்’ என்று நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு இந்தத் தாளில் உள்ள முதல் வரியே மூச்சுவிட இடம் தரும். அந்த வரி தெரிந்த ஒருவர் மறுமுனையில் இருந்தும் விதியை மதித்துச் சொல்லாமல் இருப்பதை நான் நடுநிலை என்று ஏற்க மாட்டேன். அது கைவிடல்.

அழைப்பவரின் சுயமரியாதையைக் காக்கவே இந்த விதி, அவர் தன் முடிவைத் தானே எடுக்கட்டும் என்று பதில் சொல்வார்கள். வீட்டிலும் தெருவிலும் புத்திமதி கேட்டு நொந்து வருகிறவருக்கு இங்கேயும் புத்திமதியா என்றும் கேட்பார்கள். புத்திமதி வேறு, தகவல் வேறு. ‘நீ கடனே வாங்கியிருக்கக் கூடாது’ என்பது புத்திமதி. ‘அவன் உன்னை இந்த நேரத்தில் கூப்பிடுவதே விதிமீறல்’ என்பது தகவல். முதலாவது ஆளைச் சிறுக்க வைக்கும். இரண்டாவது நிமிர வைக்கும். தன் முன்னால் எத்தனை வழி உண்டு என்று தெரியாதவனிடம் ‘உன் முடிவை நீயே எடு’ என்று சொல்வதில் என்ன மரியாதை இருக்கிறது? தன்னார்வலர் தவறாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து பயிற்சி. பல வாரம் கேட்கப் பயிற்றுவிக்கிறவர்களால் இன்னும் இரண்டு நாள் இதைப் பயிற்றுவிக்க முடியாதா?

‘பேசுங்கள்’ என்று சொல்கிறவர்கள், பேசியவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அக்டோபர் 2017-இல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே அழிந்தது. அவர்கள் வாய்மூடிக் கிடந்தவர்கள் இல்லை. மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் திரும்பத் திரும்ப மனு கொடுத்தவர்கள். அதிக வட்டி வசூலைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதலே இருக்கிறது. சட்டம் இருந்தது, அலுவலகம் இருந்தது, மனுவும் இருந்தது. அந்த மனுவோடு கூடப் போய், இது எந்தப் பிரிவின்கீழ் வருகிறது, ரசீது எங்கே, அடுத்த விசாரணை எந்தத் தேதி என்று கேட்க ஓர் ஆள்தான் இல்லை. நல்ல மனமும் ஓய்வு நேரமும் உள்ள ஒரு தன்னார்வலர் செய்யக்கூடிய வேலை அது. அப்படிப்பட்ட ஆட்களை நாம் ஓர் அறைக்குள் உட்காரவைத்து, ‘கேள், ஆனால் எதுவும் செய்யாதே’ என்று பழக்கிவைத்திருக்கிறோம்.

நெருக்கடிக் காலத்தில் பணப் பிரச்சினையை மனப் பிரச்சினையாகப் பெயர் மாற்றுவது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. அரசுக்கும் வசதி, கடன் கொடுத்தவனுக்கும் வசதி. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையில் 1,64,033 தற்கொலைகள். அவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரின் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கும் கீழ். அதே அறிக்கையின் காரணப் பட்டியலில் கடனும் திவாலும் 4 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ‘குடும்பப் பிரச்சினை’ மட்டும் 33 சதவீதம். மாதக் கடைசியில் அரிசிக்கும் தவணைக்கும் நடுவே வரும் சண்டையைக் குடும்பப் பிரச்சினை என்று எழுதிவிட்டால் கடன் மறைந்துபோகிறது. தொலைபேசியிலும் இதே மாற்றம் நடக்கிறது. ‘தவணை கட்ட முடியவில்லை’ என்று தொடங்கும் பேச்சு, ‘இப்போது உங்கள் மனது எப்படி இருக்கிறது’ என்ற கேள்வியில் திரும்பிவிடுகிறது. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய 14416 டெலி-மானஸ் சேவையில் சம்பளம் பெறும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், இரவு பகலாகக் கிடைக்கிறார்கள். அது பெரிய ஆறுதல்தான். ஆனால் அதுவும் மனநலத் துறையின் கை; வருவாய்த் துறை வரை அது நீளாது. இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடிப் பண உதவி போய்ச் சேர்ந்த வட்டாரங்களில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 18 சதவீதம் குறைந்ததாக 2019-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தது காசு. இதைப் படித்த பிறகும் செவிகொடுத்தல் மட்டும் போதும் என்று வாதிடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

செய்துகாட்ட முடியும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஹைதராபாத்துக்கு அருகே உள்ள விகாராபாத் மாவட்டத்தில் 2017-இல் மாவட்ட நிர்வாகமும் நிலைத்த வேளாண்மைக்கான மையமும் சேர்ந்து ‘கிசான் மித்ரா’ என்ற உதவி எண்ணைத் தொடங்கின. பின்னர் அது ஆதிலாபாத், மஞ்சேரியால் மாவட்டங்களுக்கும் போனது. மனம் நொந்த விவசாயி கூப்பிட்டால் அங்கேயும் கேட்கிறார்கள். அதோடு நிற்காமல் பட்டா பாஸ்புத்தகம் ஏன் வரவில்லை, பயிர்க் காப்பீடு எங்கே தங்கியிருக்கிறது, வங்கி ஏன் கடனைப் புதுப்பிக்கவில்லை என்று குறித்துக்கொண்டு உரிய அலுவலரிடம் அனுப்புகிறார்கள். களப்பணியாளர் ஊருக்கே போகிறார். ரைத்து பந்து உதவியும் ரைத்து பீமா காப்பீடும் நிலத்துக்குச் சொந்தக்காரருக்கே என்று தெலங்கானா 2018-இல் முடிவுசெய்தபோது குத்தகை விவசாயி வெளியே நின்றான். அவனுடைய துக்கத்தை அந்த அரசாணையைப் பற்றிப் பேசாமல் எப்படிக் கேட்பது? கிசான் மித்ராவிலும் குறை உண்டு. ஆட்சியர் மாறினால் வேகம் மாறக்கூடிய ஏற்பாடு அது. என்றாலும், தொலைபேசியை வைத்த பிறகும் யாரோ ஒருவருக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

‘ஸ்நேகா’வின் நிறுவனரே தன் அறையோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேர்வில் தோற்ற பிள்ளைகளின் துயரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, ஒரு வருடம் வீணாகாமல் உடனே மறுதேர்வு எழுத வாய்ப்பு வேண்டும் என்று லட்சுமி விஜயகுமார் வாதாடினார். தமிழ்நாட்டில் துணைத்தேர்வு வந்தது. ஒரு தேர்வு விதியை மாற்றியதால் எத்தனை பிள்ளைகள் தொலைபேசியைத் தேட வேண்டிய நிலைக்கே வராமல் தப்பியிருப்பார்கள்! அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அவரைப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

கடனிலும் அப்படி ஒரு விதி மாற்றம் நடந்ததுண்டு. 2010 ஆகஸ்டில் ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்.கே.எஸ். மைக்ரோஃபைனான்ஸ் பங்குச்சந்தையில் கொண்டாட்டத்தோடு நுழைந்தது. அக்டோபருக்குள், நுண்கடன் வசூல் நெருக்கடியில் பெண்கள் இறந்ததாகச் செய்திகள் குவிந்து, ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வாரத் தவணை கூடாது, மாதத் தவணைதான். வசூலுக்கு வீட்டு வாசலில் உட்காரக் கூடாது, ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடத்தில்தான். அதனால் கிராமங்களில் கடன் வறண்டது என்ற விமர்சனம் உண்மையே. ஆனாலும் வாசலில் உட்கார்ந்திருந்தவனை எழுப்பியது அந்தச் சட்டம்தான். அது வந்த பிறகும் தன் உரிமையை அறியாமல் பயந்து கிடந்த பெண்ணுக்கு அதைச் சொல்ல ஒரு குரல் வேண்டியிருந்தது. ஆலோசனை சொல்லக் கூடாது என்ற விதியின்கீழ் வளர்ந்த எந்தக் குரலும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

இப்போதே செய்யக்கூடியது இருக்கிறது. ஒவ்வொரு பணிவேளையிலும் கடன், கூலி, வேலைநீக்கம் பற்றிய அடிப்படைச் சட்டம் தெரிந்த ஒரு தன்னார்வலர் இருக்கட்டும். முதலில் கேட்கட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கட்டும். அழுகை அடங்கிய பிறகு, ‘உங்களுக்கு விருப்பமென்றால் இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டுமா’ என்று கேட்கட்டும். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். வேண்டும் என்றால் மறுநாள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிப்போக ஓர் ஆள் வரட்டும். 1987 சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எதுவானாலும் அங்கே இலவச உதவி உண்டு, எண் 15100. வருகிற செப்டம்பரில் சுவரொட்டி அச்சடிக்கிறவர்கள் ‘பேசுங்கள்’ என்பதற்குக் கீழே 14416-ஐ மட்டும் போடாமல் 14448, 1930, 15100 மூன்றையும் சேர்த்தே போடட்டும், அதே எழுத்து அளவில்.