மாடு சினைப்பட ஊசி மட்டும் போதுமா?

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால், ஈன்ற 85 நாளுக்குள் அது மீண்டும் சினைப்பட வேண்டும். ஒரு பருவம் தவறினால் 21 நாள் பின்தங்கும். தியாகதுருகம் போன்ற ஊர்களில் ஓரிரு கலப்பினப் பசுக்களை வைத்துப் பிழைப்பவருக்கு இது பெரும் இழப்பு. சினை நிற்காத மாடு இறுதியில் அடிமாடாகிறது. ஆகவே, ‘ஹார்மோன் ஊசி போட்டால் சினை நிற்கும்’ என்ற பேச்சை ஆராய்ந்து பார்ப்பது நம் கடமை.

‘ஓவ்சிங்க்’ எனும் முறையை அமெரிக்காவின் விஸ்கான்சினில் பர்ஸ்லி, மீ, வில்ட்பேங்க் ஆகியோர் 1995இல் வெளியிட்டனர். முதல் நாள் ஜி.என்.ஆர்.எச்; ஏழு நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின்; இரண்டு நாள் கழித்து மீண்டும் ஜி.என்.ஆர்.எச். அதன்பின் 16 முதல் 20 மணி நேரத்தில் கருவூட்டல். பருவ அறிகுறியைக் காணக் காத்திருக்க வேண்டியதில்லை.

சிறந்த முறைதான்; ஐயமில்லை. ஆனால் இது நூற்றுக்கணக்கான மாடுகள் உள்ள பண்ணைக்காக உருவானது. அங்கே பருவத்தைக் கண்டறிவதே பெரும்பாடு. குறித்த நாளில் எல்லா மாட்டுக்கும் கருவூட்டலாம் என்பதே இதன் முதன்மையான பயன். ஒவ்வொரு கருவூட்டலிலும் சினை நிற்பது பெரிதாகக் கூடிவிடும் என்பதன்று. இரண்டே மாடு வைத்திருப்பவர் காலையும் மாலையும் உற்றுக் கவனித்தால், பருவத்தைச் செலவின்றிக் கண்டுகொள்ளலாம். ஊமைப் பருவமுள்ள மாட்டுக்கு ஊசி உதவும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

இரண்டாவது குறை, ஊசி எங்கே செல்லாது என்பதைச் சொல்லாமல் விடுவது. புரோஸ்டாகிளாண்டின் சூலகத்திலுள்ள மஞ்சள் திட்டைக் கரைக்கும். திட்டே இல்லாத மாட்டில் அது கரைக்க எதுவுமில்லை. சினை மாட்டுக்குத் தவறிப் போட்டால் கருச்சிதைவு நேரும். முதிர்ந்த கருமுட்டைப் பை இல்லையேல் ஜி.என்.ஆர்.எச் முட்டையை வெளியேற்றாது. ஹார்மோன் ஒரு கட்டளை மட்டுமே. கட்டளையை நிறைவேற்ற உடலில் வலு வேண்டாமா?

ஈன்றபின் பால் பெருகும் வேகத்துக்குத் தீவனம் ஈடுகொடுப்பதில்லை. மாடு தன் கொழுப்பையே கரைத்துப் பால் தருகிறது, சூலகம் ஓய்ந்துவிடுகிறது. கரும்பும் நெல்லும் விளையும் கள்ளக்குறிச்சிப் பகுதியில் கரும்புத் தோகையும் வைக்கோலும் எளிதில் கிடைக்கும். ஆனால் வைக்கோலில் புரதம் சுமார் 4 விழுக்காடுதான், பாஸ்பரசும் குறைவு. பசுந்தீவனம், பிண்ணாக்கு, தாது உப்புக் கலவை ஆகியவற்றைச் சேர்க்காமல் ஊசியை மட்டும் நம்புவது, எண்ணெயற்ற விளக்கில் திரியைத் தூண்டுவதாகும்.

ஈன்று 60 நாளாகியும் பருவம் தெரியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. ‘சினை இல்லை என்று பார்த்தீர்களா? கருப்பையில் சீழ் உண்டா? மஞ்சள் திட்டு இருக்கிறதா?’ என்று தயங்காமல் கேளுங்கள். இக்கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகு போடும் ஊசியே மருந்து. அதற்கு முன் போடுவது வெறும் செலவு.