டெம்பிள் தேவாலயம்: புதையல் தேடாமல் ஒரு வாசிப்பு

இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், ஹாஸ்டலில் ஒரே ராத்திரியில் டான் பிரவுனின் 'தி டா வின்சி கோட்' படித்து முடித்தேன். ஏழெட்டுக் கை மாறி, அட்டை கிழிந்து வந்த பிரதி. மறுநாள் மெஸ்ஸில் டெம்ப்ளர் வீரத்துறவிகளைப் பற்றி நான் எடுத்த கிளாஸ் நண்பர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். பல வருஷம் கழித்து ஆபீஸ் வேலையாக லண்டன் போனபோது, ஃப்ளீட் தெருவிலிருந்து ஒரு சந்துக்குள் புகுந்து, நாவலில் வரும் அந்த டெம்பிள் தேவாலயத்தைப் பார்த்தேன். வெளியே வரும்போது நாவல் மேல் கோபமாக இருந்தது. அதைவிட, மெஸ்ஸில் பேசிய என் மேல்.

நாவலில் ஒரு பாத்திரம் இந்தக் கட்டடத்துக்கு விளக்கம் தருகிறது. கிறிஸ்தவ மரபின் சிலுவை வடிவத்தை டெம்ப்ளர்கள் ஒதுக்கிவிட்டு, சூரியனுக்காக வட்டமாகக் கட்டினார்களாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வட்டத்துக்குக் காரணம் ரகசியமே இல்லை. இயேசுவின் கல்லறை இருந்ததாக நம்பப்படும் ஜெருசலேமின் திருக்கல்லறை ஆலயத்தில் ஒரு வட்ட மண்டபம் உண்டு. அதை நினைவூட்டத்தான் இது. யாத்ரீகர்களுக்குக் காவலாக 1119 வாக்கில் அந்த ஊரில் உருவான சபை டெம்ப்ளர்கள். ஏழ்மை, பிரம்மச்சரியம், கீழ்ப்படிதல் என்று உறுதி எடுத்து, வாளும் ஏந்தியவர்கள்.

1185 பிப்ரவரி 10 அன்று லண்டன் கோயிலை அர்ப்பணித்தவர் ஜெருசலேமின் தலைமை குரு ஹெராக்ளியஸ். அவர் வந்தது இங்கிலாந்து அரசனிடம் உதவி கேட்டு. எதிர்பார்த்த உதவி கிடைக்கவில்லை. இரண்டே வருஷத்தில், 1187இல், ஜெருசலேம் சலாவுதீன் வசமானது. அதன்பின் இந்த வட்டத்துக்குள் நின்று ஜெபித்தவர்கள், கைவிட்டுப்போன ஓர் இடத்தின் நகலுக்குள் நின்றார்கள். எனக்கு இதுதான் கதை. இவ்வளவு பெரிய இழப்பைத் தாண்டிப்போய், த்ரில்லர் சூரியனைப் பிடித்துக்கொள்கிறது.

சரி, புதையல்? இருந்தது, ஊரறிய. மன்னரும் பிரபுக்களும் பணத்தைப் பாதுகாப்புக்கு வைத்த இடம் லண்டன் டெம்பிள். 1215 ஜனவரியில் ஜான் மன்னனிடம் பிரபுக்கள் வந்து உரிமை கேட்டதும் இங்கேதான். அது மேக்னா கார்ட்டாவுக்கு முந்தைய காட்சி. 1263இல் இளவரசன் எட்வர்ட் இங்கே புகுந்து, பிறர் வைத்திருந்த பெட்டிகளை உடைத்துப் பணத்தை அள்ளிப்போனான். திருடியது ரகசியச் சங்கம் இல்லை, அரச குடும்பம்!

அப்படியென்றால் 'ரகசியம்' எங்கிருந்து வந்தது? 1307 அக்டோபர் 13இல் பிரெஞ்சு மன்னன் நான்காம் பிலிப், நாடு முழுக்க டெம்ப்ளர்களைக் கைதுசெய்தான். சிலுவையில் துப்பினார்கள், சிலையை வணங்கினார்கள் என்று குற்றச்சாட்டு. பாரிஸில் விசாரிக்கப்பட்ட 138 பேரில் 134 பேர் ஏதோ ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். சித்திரவதையில் வந்த வாக்குமூலங்கள். பிறகு சபைக்காகப் பேச முன்வந்தவர்களில் 54 பேர் 1310இல் பாரிஸ் அருகே எரிக்கப்பட்டார்கள். 1312இல் போப் சபையையே கலைத்தார். இருட்டுச் சடங்கு, மறைத்த சிலை என்று நாவல்கள் பிற்காலத்தில் ருசித்தவற்றுக்கு விதை அந்த விசாரணை அறைகளில் இருக்கிறது. அன்று மெஸ்ஸில் நான் வாய்பிளந்து சொன்னதும் அதைத்தான்.

வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ'வில் (1819) டெம்ப்ளர்கள் வில்லன்கள். யூதப்பெண் ரெபெக்காவைச் சூனியக்காரி என்று அவர்களே விசாரிக்கிறார்கள். பொய்க்குற்றம் எப்படி ஜோடிக்கப்படுகிறது என்பது ஸ்காட்டுக்குப் புரிந்திருக்கிறது. அதனாலேயே அந்த விசாரணைக் காட்சி இன்றும் நிற்கிறது. பிரவுனிடம் அந்தப் பயமே இல்லை.

டெம்ப்ளர்களை நல்லவர்களாக்குவது என் நோக்கமில்லை. வட்டத்துக்கு மேலே போகும் படிக்கட்டின் சுவருக்குள் ஒரு சிற்றறை உண்டு. நீளம் நாலரை அடி, அகலம் இரண்டரை அடி. படுத்துக் காலை நீட்ட முடியாது. விதி மீறியவர்களை அங்கே அடைத்ததாகச் சொல்வார்கள். சுவர் இடுக்கு வழியே கோயிலின் உள்பக்கம் தெரியும். கட்டடத்தில் மறைந்திருக்கும் அறை என்றால் இதுதான். இதற்குப் புதிர் வேண்டாம், அளவு போதும். கைதுக்குப்பின் இங்கிலாந்தின் டெம்ப்ளர் வீடுகளில் அதிகாரிகள் எழுதிய பொருள் பட்டியல்களும் இப்படித்தான். பெரும்பாலும் தானியம், ஆடுமாடு, ஏர்க்கருவி, ஆலயச் சாமான். ஆயுதம் கொஞ்சமே.

பிறகு அந்த இடம் இன்னொரு வீரத்துறவிகள் சபையான ஹாஸ்பிட்டலர்களுக்குப் போனது. வழக்கறிஞர்கள் குடியேறினார்கள். தேவாலயத்தைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 1608இல் முதலாம் ஜேம்ஸ் அதை இரண்டு வழக்கறிஞர் சங்கங்களுக்குக் கொடுத்தான். காந்தி பாரிஸ்டர் ஆனது அவற்றில் ஒன்றான இன்னர் டெம்பிளில்.

1941 மே 10 இரவு விழுந்த குண்டில் கூரை எரிந்தது, பலிபீடப் பகுதியின் பர்பெக் கல் தூண்கள் வெடித்தன. அவை வெளிப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருந்தவை. புதிய தூண்களை நேராகவே நிறுத்தியிருக்கலாம். பழைய சாய்வோடுதான் நிறுத்தினார்கள்.

பழைய கோடில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தால், காரணம் புரியாமல் அழகுபடுத்தப் போவது ஜூனியர்களின் வழக்கம். நானும் செய்திருக்கிறேன். அந்தத் தூண்களுக்குக் கீழே நின்றபோது, அந்த மெஸ் மேஜை ஞாபகம் வந்தது.