மூன்றாம் நாளுக்கான ஜெனரேட்டர்

தனி வீட்டுக்கு 15 கேவிஏ ஜெனரேட்டர் தேவையில்லை. ஏசி, ஹீட்டர், மோட்டார் என்று வீட்டில் உள்ள எல்லாவற்றின் வாட்டையும் கூட்டினால் அந்த அளவு வரத்தான் செய்யும், டீலரும் மறுக்கமாட்டார். ஆனால் கூட்டலைத் தொடங்கிய இடமே தப்பு. ஒரு மணி, இரண்டு மணி நேர மின்வெட்டை இன்வெர்ட்டர் சமாளித்துக்கொள்ளும். 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றிருந்தால் நாலு ஃபேனும் சில விளக்குகளும் நாலு மணி நேரம் ஓடும். ஜெனரேட்டருக்கு வேலை வருவது புயலுக்குப் பிறகுதான்: 2016-ல் வர்தா, 2018-ல் கஜா, 2023-ல் மிக்ஜாம். கஜா கரை கடந்தபின் டெல்டா கிராமங்கள் பலவற்றில் கரன்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. இன்வெர்ட்டர் முதல் ராத்திரியே கைவிட்டிருக்கும். மறுநாள் மேல்தொட்டியும் காலி. மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டில் எது எது ஓடியே ஆகவேண்டும் என்று யோசித்தால் கணக்கு சட்டென்று சுருங்கிவிடுகிறது.

ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் பேட்டரிக்குச் சார்ஜ்: எல்லாம் சேர்த்து ஒரு கிலோவாட்டை ஒட்டித்தான் வரும். 1 எச்பி மோட்டார்தான் முரடு. ஓடும்போது அதுவும் ஒரு கிலோவாட்தான். கிளம்பும் கணத்தில் நாலைந்து மடங்கு கரன்ட் இழுக்கும். சுவிட்சைப் போட்டதும் விளக்கு மங்கும், இன்ஜின் ஒருமுறை முக்கும், பிறகு சத்தம் சீராகும். அந்த ஓரிரு நொடிதான் ஜெனரேட்டருக்குப் பரீட்சை. 5 கேவிஏ செட்டில் 4 கிலோவாட் கிடைக்கும். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு மோட்டாரைப் போட்டால் தாங்கும். மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் டீசல் என்று வைத்தால், தினம் ஆறு மணி நேரம் ஓட்ட 20 லிட்டர் கேன் மூன்று நாளைக்கு வரும். இதே சுமைக்கு 15 கேவிஏ இன்ஜின் ஒன்றரை லிட்டரை நெருங்கிவிடும். போதாக்குறைக்கு, திறனில் 30 சதவீதத்துக்கும் குறைவான சுமையில் நெடுநேரம் ஓடும் டீசல் இன்ஜினில் எரிபொருள் முழுதாக எரியாமல் சைலன்சரில் கரியும் பிசுக்குமாகப் படியும். 5 கேவிஏ செட்டுக்கே ஒரு கிலோவாட் கொஞ்சம் குறைச்சல்தான். அதனால் மோட்டார், மிக்ஸி, வாஷிங் மெஷின் வேலைகளை அது ஓடும் நேரத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. பெட்ரோல் செட் மலிவு, எடையும் குறைவு. ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் ஈரம் இழுத்து கார்புரேட்டரைக் கெடுக்கும்.

மெஷினைவிட, அதை வீட்டு வயரிங்கோடு இணைக்கும் விதத்துக்கே நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். நல்ல சேஞ்ச் ஓவர் சுவிட்சின் கைப்பிடி மெயின்ஸிலிருந்து நடுவே ‘ஆஃப்’ வழியாகத்தான் ஜெனரேட்டர் பக்கம் போகும். இரண்டும் ஒன்றாகச் சேர வழியே கிடையாது. ஃபேஸோடு நியூட்ரலையும் அது பிரிக்க வேண்டும். இதற்குச் செலவழிக்க மனமில்லாமல், இரு முனையிலும் பிளக் மாட்டிய வயரைப் பவர் சாக்கெட்டில் செருகிவிடுகிறவர்கள் உண்டு. மெயினை அணைக்க மறந்தால் 230 வோல்ட் தெருக் கம்பிக்கு ஏறும். டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாக நுழைந்து மறுபக்கம் 11,000 வோல்ட்டாக வெளியேறும். லைனில் கரன்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் நிற்கும் லைன்மேனுக்கு அது எமன்.

இடம் அடுத்த விஷயம். போர்ட்டிகோ, படிக்கட்டின் அடி, பால்கனி மூன்றும் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். திறந்த வெளியில், ஜன்னல்களை விட்டுத் தள்ளி வையுங்கள். ‘சைலன்ட்’ என்று எழுதியிருப்பதை நம்பிப் படுக்கையறைப் பக்கம் வைக்க வேண்டாம். டீசல் செட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 75 டெசிபல் வரை சட்டமே அனுமதிக்கிறது. மேடை, உங்கள் தெருவில் இதுவரை ஏறிய வெள்ளத்தின் மட்டத்துக்கு மேல் இருக்கட்டும். 2011-ல் புகுஷிமா அணுமின் நிலையத்தில் ஜெனரேட்டர்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலானவை கீழ்த்தளத்தில் இருந்ததால் சுனாமித் தண்ணீரில் மூழ்கின.

கரன்ட் போனதும் தானே ஸ்டார்ட் ஆகும் செட் வேண்டாமா, வீட்டில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரோடு பெரியவர் இருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். தானியங்கி செட்டும் சுமையை ஏற்கச் சில நொடிகள் எடுக்கும். அந்த இடைவெளியை நிரப்பப்போவது இன்வெர்ட்டர்தான். அது இருக்கும்போது நடந்துபோய்க் கைப்பிடியைத் திருப்ப அவகாசம் தாராளம். இறங்கி வர முடியாத முதியவர் தனியாக இருக்கும் வீட்டில் மட்டும் தானியங்கிக்குப் பணம் கொடுக்கலாம். அங்கேயும் ஸ்டார்ட்டர் பேட்டரி செத்திருந்தால் பயனில்லை. சோலார் இருக்கிறதே என்பார்கள். பேட்டரி இல்லாத, கிரிடோடு இணைந்த சோலார், கரன்ட் போனதும் தானும் நின்றுவிடும், அதே லைன்மேனைக் காப்பாற்றத்தான். பேட்டரியோடு கூடியது ஓடும். ஆனால் மழை மூட்டம் விலகாத நாட்களில் பேட்டரி நிறையாது.

ஆகவே என் சிபாரிசு: 5 கேவிஏ டீசல் செட், கையால் திருப்பும் சேஞ்ச் ஓவர், இருக்கிற இன்வெர்ட்டர் அப்படியே. வயரிங்கை லைசென்ஸ் உள்ளவரிடம் கொடுங்கள். மாதம் இருமுறை மோட்டாரைப் போட்டுப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஐப்பசி பிறக்குமுன் ஆயிலை மாற்றிவிடுங்கள்.